டில்பர்ட்டை இனி என்ன செய்வது?

காரைக்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்திருக்கும் நீண்ட கடிதம் இது. எழுதியவருக்கு 57 வயது. அழகப்பா பொறியியல் கல்லூரியில் படித்தவர். சென்னையிலும் நியூ ஜெர்சியிலும் மென்பொருள் கம்பெனிகளில் வேலை பார்த்துவிட்டு, வயதான ஆத்தாவைப் பார்த்துக்கொள்ள ஊர் திரும்பியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அமெரிக்கக் கார்ட்டூனிஸ்ட் ஸ்காட் ஆடம்ஸ் வரைந்த, ஆபீஸ் வாழ்க்கையைக் கேலி செய்யும் 'டில்பர்ட்' தொடருக்கு இவர் 25 வருடத்துக்கும் மேலாக ரசிகர். மேனேஜரிடம் திட்டு வாங்கிய நாட்களில் அந்த மூன்று கட்டச் சித்திரங்கள்தான் தன்னைத் தேற்றின என்கிறார். அவர் வீட்டு முகப்பு அறையில் ஓர் அலமாரி முழுக்க டில்பர்ட் புத்தகங்கள், சுவரில் சட்டம் போட்ட ஒரு சித்திரம். பக்கத்துக் கல்லூரியில் கடைசி வருட மாணவர்களுக்கு வேலைக்குப் போகும் இடத்தைப் பற்றி வகுப்பு எடுக்கும்போதும் அவற்றைத்தான் காட்டுவாராம்.

2026 ஜனவரி 13 அன்று ஆடம்ஸ் புற்றுநோயால் இறந்தார். அன்று இரவு குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில், 'உண்மையைப் பேசியதற்காக ஊடகங்கள் துரத்தித் துரத்தி ஒழித்த மேதை' என்று இவர் எழுதியிருக்கிறார். அட்லாண்டாவில் இருக்கும் ஆச்சி (அக்கா) மகன், "அம்மான், அவர் என்ன பேசினார் என்று முழுசாகக் கேட்டீர்களா?" என்று ஒரு வீடியோவை அனுப்பியிருக்கிறான். "எனக்கு நீ பாடம் எடுக்காதே" என்று இவர் பதில் போட, அவன் குரூப்பை விட்டு வெளியேறிவிட்டான். அதற்குப் பிறகுதான் இவர் வீடியோவைப் பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து சரியான தூக்கம் இல்லை. ஆச்சியும் பேசுவதை நிறுத்திவிட்டார். ஆவணியில் ஆச்சி மகளுக்குக் கல்யாணம். தாய்மாமனாக இவர் முன்னால் நிற்க வேண்டிய கல்யாணம் அது.

'25 வருடம் முட்டாளாக இருந்தேனா? புத்தகங்களைப் பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிடவா? குரூப்பில் நடந்ததை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, என் விளக்கத்தோடு முகநூலில் போட்டு முடித்துவிடவா? அவர் பேசியது தப்புதான். ஆனால் அதற்காக அவர் கருத்துரிமையைப் பறித்தது மட்டும் சரியா?' என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள அண்ணனுக்கு,

முகம் பார்த்துப் பழகாத ஒருவரின் சாவுக்கு இவ்வளவு கலங்குவது வெட்கமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வெட்கப்பட ஒன்றுமே இல்லை. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் தினம் வருகிறவர்களோடு மக்களுக்கு உண்டாகும் இந்த ஒருவழிப் பழக்கத்தைப் பற்றி டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1956-லேயே எழுதிவிட்டார்கள். அவருக்கு நம்மைத் தெரியாது. ஆனால் நமக்குள் அந்தப் பழக்கம் நிஜமாகத்தான் வளர்கிறது. உங்களுக்கோ ஒரே நாளில் இரண்டு இழப்பு. ஆளும் போய்விட்டார், அவர் மேல் வைத்திருந்த மரியாதையும் போய்விட்டது. இரண்டாவது இழப்பை யாரும் துக்கமாகவே எண்ண மாட்டார்கள், விசாரிக்கவும் வர மாட்டார்கள். அதனால்தான் அது உள்ளேயே கிடந்து புழுங்குகிறது.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது வேறோர் இடத்தை. '2023-ல் பத்திரிகைகள் அவரை நிறுத்தின என்று படித்தேன். ஏன் என்று ஆழமாகப் பார்க்கத் தோன்றவில்லை. அவர் பக்கம்தான் நியாயம் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.' நமக்குப் பிடித்தவர் கேவலமாக ஒன்றைச் சொன்னார் என்று கேள்விப்படும்போது மனதுக்குள் இரண்டு எண்ணங்கள் மோதிக்கொள்கின்றன. 'எனக்குப் பிடித்தவர் நல்லவர்' என்பது ஒன்று, 'அவர் பேசியது நல்லதல்ல' என்பது மற்றொன்று. இந்த மோதலை மனித மனம் எப்படிச் சமாளிக்கிறது என்று லியான் ஃபெஸ்டிங்கர் 1957-ல் விளக்கினார். எந்த எண்ணத்தை மாற்றினால் நமக்கு வலி குறைவோ, அதைத்தான் நாம் மாற்றுகிறோம். பேசியதைக் கேட்காமல் விட்டுவிடுவது எல்லாவற்றிலும் சுலபம். நீங்கள் செய்தது அதுதான். ஏறக்குறைய எல்லா ரசிகர்களும் அதைத்தான் செய்கிறார்கள்.

ஒருவரை ரசித்தால் அவருக்காக வாதாடவும் கடமைப்பட்டிருக்கிறோம் என்று நாமாகவே நினைத்துக்கொள்கிறோம். அந்தக் கடமை உங்களுக்குக் கிடையாது. நீங்கள் அவருடைய வாசகர், வக்கீல் அல்ல. உங்கள் மற்ற கேள்விகள் எல்லாவற்றுக்கும் இதிலிருந்துதான் பதில் சொல்லப்போகிறேன்.

அவர் என்ன சொன்னார்?

நீங்கள் வீடியோவைப் பார்த்துவிட்டீர்கள். இருந்தாலும் மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். 2023 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஒரு கருத்துக் கணிப்பு வெளியானது. 'வெள்ளையராக இருப்பதில் தவறில்லை' என்ற வாக்கியத்தை ஏற்கிறீர்களா என்பது அதில் ஒரு கேள்வி. கறுப்பினத்தவரில் 53 சதவீதம் பேர் ஏற்றார்கள், 26 சதவீதம் பேர் மறுத்தார்கள், 21 சதவீதம் பேர் தெரியவில்லை என்றார்கள். ஆடம்ஸ் தன் யூடியூப் நேரலையில் பின்னிரண்டையும் கூட்டினார். பாதிப் பேருக்கு வெள்ளையரைப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டி, கறுப்பினத்தவரை ஒரு 'வெறுப்புக் குழு' என்றார். வெள்ளையர்கள் அவர்களை விட்டு விலகிப் போவதுதான் நல்லது என்றும் சொன்னார். பிறகு, மிகைப்படுத்திப் பேசியதாக விளக்கம் தந்தார்.

வாழ்நாளெல்லாம் டேட்டாவோடு மல்லுக்கட்டியவர் நீங்கள். 'தெரியவில்லை' என்பதை 'எதிர்க்கிறேன்' என்று கணக்கில் சேர்ப்பது என்ன கணக்கு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வாக்கியமும் சும்மா வந்ததல்ல. 2017-ல் இணையத்தில் வேண்டுமென்றே வம்புக்காகப் பரப்பப்பட்டு, வெள்ளை இனவாதிகள் கையில் எடுத்துக்கொண்ட கோஷம் அது. அந்தக் கோஷத்தை வேண்டாம் என்றவர்கள் எல்லாரும் வெள்ளையரை வெறுப்பவர்கள் ஆகிவிட மாட்டார்கள். சரி, கணக்கே சரியாக இருந்ததென்று வைத்துக்கொள்வோம். அப்போதும், கேள்விக்கு ஆளான சில பேரை வைத்து ஒரு இனத்தையே அந்த வார்த்தைக்குள் அடைக்க முடியுமா?

உங்கள் ஐயா (தாத்தா) பர்மாவில், ரங்கூன் மொகல் தெருவில், செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய ஒரு கிட்டங்கியில் கணக்கெழுதியவர் என்று போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். 1930-ல் உலகப் பொருளாதார மந்தம் வந்து நெல் விலை சரிந்தபோது, கடனைக் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் வயல்கள் செட்டியார்கள் கைக்கு மாறின. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் சுமார் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் 25 சதவீதம் வரை வந்துவிட்டது. நிலம் இழந்தவன் கோபப்பட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்தக் கோபம் ஆள் பார்த்துப் பாயவில்லை. 'இவர்கள் எல்லாருமே ரத்தம் உறிஞ்சும் அட்டைகள், விரட்டுங்கள்' என்று பேச்சு வந்தபோது, மாதச் சம்பளத்துக்குக் கணக்கெழுதிய உங்கள் ஐயாவும் அதற்குள் அடங்கிவிட்டார். 1930-லும் 1938-லும் ரங்கூனில் இந்தியர்களுக்கு எதிராகக் கலவரம் நடந்தது. 1942-ல் ஜப்பான்காரன் வந்தபோது எத்தனையோ பேர் காடும் மலையும் கடந்து நடந்தே ஊர் வந்து சேர்ந்தார்கள். செட்டிநாட்டில் இந்தக் கதை இல்லாத வீடு குறைவு. ஒரு கூட்டத்தையே மொத்தமாக ஒரு பெயருக்குள் போட்டுவிட்டு 'விலகிப் போங்கள்' என்று சொல்வது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நமக்குப் புத்தகம் தேவையில்லை. ஆச்சி மகனின் கோபத்தை இந்த இடத்தில் நின்று பார்த்தீர்களென்றால், அவன் உங்களுக்குப் பாடம் எடுக்க வந்தவனாகத் தெரிய மாட்டான்.

கருத்துரிமை பறிபோனதா?

இது தவறான எண்ணம் அண்ணே. நிறைய பேரிடம் இருப்பதால் விளக்கமாகவே சொல்கிறேன். கருத்துரிமை என்பது முதலில் அரசாங்கத்துக்கு எதிராக நமக்கு இருக்கும் பாதுகாப்பு. அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் அதைத்தான் சொல்கிறது. ஆடம்ஸை யாரும் கைது செய்யவில்லை, எந்தக் கோர்ட்டும் அவரைத் தடுக்கவில்லை. வாஷிங்டன் போஸ்ட், லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ், யுஎஸ்ஏ டுடே குழுமப் பத்திரிகைகள் எல்லாம் காசு கொடுத்து வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த தொடரை, இனி வேண்டாம் என்றன. தொடரை விநியோகித்த நிறுவனம் உறவை முறித்துக்கொண்டது. வரவிருந்த ஒரு புத்தகத்தைப் பதிப்பகம் கைவிட்டது. தன் பத்திரிகையில் எது வரலாம் என்று முடிவு செய்யும் உரிமை அவர்களுக்கும் உண்டல்லவா? ஆடம்ஸ், வாசகர்கள் சந்தா கட்டிப் படிக்கும் ஓர் இணையதளத்துக்குத் தொடரை மாற்றிக்கொண்டார். தினசரி நேரலையையும் தொடர்ந்தார். அவருக்குப் போனது வருமானமும் மேடையும். அது பெரிய இழப்புதான். ஆனால் 'ஊடகங்கள் ஒழித்தன' என்பது நடந்ததைச் சொல்லும் வார்த்தை அல்ல.

ஓர் அரசு நிஜமாகவே கார்ட்டூன் மேல் கை வைத்தால் எப்படியிருக்கும் என்பதை நம் ஊரிலேயே பார்த்திருக்கிறோம். 1987-ல் ஆனந்த விகடன் அட்டையில் வந்த ஒரு நகைச்சுவைக் கார்ட்டூனுக்காக, அதன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குத் தமிழக சட்டப்பேரவை 3 மாதச் சிறைத் தண்டனை விதித்தது. நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் விட்டார்கள். கருத்துரிமைக்காகக் கோபப்பட வேண்டிய இடம் அது. உங்கள் கோபத்தை அப்படிப்பட்ட இடத்துக்குப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நிச்சயம் தேவைப்படும்.

25 வருடம் முட்டாளா?

இல்லை. அந்தச் சித்திரங்கள் எப்படி உருவாயின என்று பாருங்கள். 1989 ஏப்ரலில் தொடர் ஆரம்பித்தபோது ஆடம்ஸ் பசிபிக் பெல் என்ற டெலிபோன் கம்பெனியில் ஊழியர். 1995 வரை அந்த வேலையில் இருந்துகொண்டேதான் வரைந்தார். 1993-ல் சித்திரத்திலேயே தன் மின்னஞ்சல் முகவரியைப் போட்டார். உலகம் முழுவதும் ஆபீஸ்களில் உட்கார்ந்திருந்தவர்கள் தங்கள் மேனேஜர்களின் கூத்தையெல்லாம் எழுதி அனுப்பினார்கள். அதிலிருந்து எத்தனையோ சித்திரங்கள் வந்தன. நீங்கள் சிரித்த சிரிப்பில் உங்களைப் போன்ற ஊழியர்களின் அனுபவமும் கலந்திருந்தது. சித்திரத்தில் உங்கள் மேனேஜரை நீங்கள் கண்டுபிடித்தது ஏமாந்ததால் அல்ல, அவர் அப்படியே இருந்ததால்.

'விஷம் ஆரம்பத்திலிருந்தே அதற்குள் இருந்திருக்குமோ, எனக்குத்தான் தெரியவில்லையோ' என்று நடுராத்திரியில் பழைய புத்தகங்களைப் புரட்டித் தேடுகிறீர்கள். அதை நிறுத்துங்கள். அந்தத் தொடரில் ஐஐடியில் படித்த அசோக் என்ற இந்திய இளைஞன் வருவான். தன்னோடு வேலை பார்த்த ஒரு இந்தியரின் பெயரைத்தான் ஆடம்ஸ் அவனுக்கு வைத்தார். 2013 டிசம்பரில் நம் உச்ச நீதிமன்றம் தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377-வது பிரிவு செல்லும் என்று தீர்ப்புச் சொன்னபோது, அதற்கு எதிர்ப்பாக 2014-ல் அசோக்கைத் தன்பாலின ஈர்ப்பாளன் என்று அறிவித்தவரும் அவர்தான். 2022-ல் ஒரு கறுப்பினப் பாத்திரத்தைக் கொண்டுவந்து, அவன் தன்னை வெள்ளையன் என்று சொல்லிக்கொள்வதாகக் கேலி செய்தவரும் அவர்தான். மனிதர்கள் மாறுகிறார்கள். சில பேர் மோசமாக மாறுகிறார்கள். பின்னாளில் நடந்ததை வைத்து முன்னால் நடந்ததையெல்லாம் சாட்சிக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை. 2022-க்குப் பிறகும் பார்க்காமல் இருந்தேனே என்றால், ஆமாம், அதில் கொஞ்சம் கவனக்குறைவு உண்டு. அதற்கும் முட்டாள்தனத்துக்கும் ரொம்ப தூரம்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அவர் 2015-லிருந்தே டிரம்ப் ஜெயிப்பார் என்று எழுதிவந்தார், பிறகு வெளிப்படையாக ஆதரித்தார். அப்போதே நிறைய ரசிகர்கள் விலகினார்கள். நம் விருப்பத்துக்கு எதிரான கட்சியை ஒரு கலைஞர் ஆதரிப்பது ரசிகனுக்குக் கசக்கும்தான், ஆனால் அதில் குற்றம் ஒன்றுமில்லை. சிறுகூடல்பட்டியில் பிறந்த கண்ணதாசனைப் பாருங்கள். திராவிட இயக்கத்தில் இருந்தார். 1961-ல் தி.மு.க.வை விட்டு வெளியேறினார். பின்பு காங்கிரசுக்குப் போனார். நாத்திகம் பேசியவர் ஆன்மிகம் எழுதினார். அவர் அரசியலை ஏற்காதவர்களும் அவர் பாட்டை விடவில்லை. காரைக்குடியில் அவருக்கு மணிமண்டபமே இருக்கிறது. கட்சி மாறுவதையும் கருத்து மாறுவதையும் நாம் அப்படித் தாங்கிக்கொள்ளலாம். ஒரு இனத்தையே ஒதுக்கச் சொல்வது அந்தக் கணக்கில் சேராது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால்தான், 'அவர் அரசியல் பிடிக்காதவர்கள் செய்த சதி' என்று உங்களால் நம்ப முடிந்தது.

புத்தகங்களும் வகுப்பும்

புத்தகங்கள் நீங்கள் காசு கொடுத்து வாங்கியவை. வைத்திருப்பதால் யாருக்கும் எந்த லாபமும் போகாது, எரிப்பதால் யாருக்கும் நியாயம் கிடைக்காது. கோபத்தில் போட்டுவிட்டால் ஆறு மாதம் கழித்து வருத்தம்தான் மிஞ்சும். ஓர் அட்டைப்பெட்டியில் கட்டி இரண்டாம் கட்டு அறையில் வைத்துவிட்டு, கல்யாணம் முடிந்த பிறகு முடிவு செய்யுங்கள். இனிமேல் புதிதாக வாங்குவதில்லை என்று நினைத்தால் அதுவும் உங்கள் உரிமை.

வகுப்பைப் பொறுத்தவரை, சட்டப்படி பிரச்சினை இல்லை. பாடம் நடத்தும்போது ஆசிரியர் ஒரு படைப்பை எடுத்துக்காட்ட நம் பதிப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது. காட்டுவதா வேண்டாமா என்பது உங்கள் மனசைப் பொறுத்தது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் காட்டுவேன். காட்டிவிட்டு, வரைந்தவர் 2023-ல் என்ன பேசினார், என்ன ஆனது என்பதையும் அதே வகுப்பில் சொல்லிவிடுவேன். அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் நாளை வேறு வேறு நாட்டுக்காரர்களோடு ஒரே டீமில் உட்காரப்போகிறவர்கள். மேனேஜரைப் பற்றிய கேலியை விட அந்தப் பேச்சு அவர்களுக்கு அதிகம் உதவும்.

முகநூலில் போட வேண்டாம்

இதில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். அந்த ஸ்கிரீன்ஷாட் வெளியே போகக் கூடாது. குடும்பத்துக்குள் பேசியதை அவன் சம்மதம் இல்லாமல் ஊருக்குக் காட்டுவது, ஏற்கெனவே இருக்கும் காயத்தில் இன்னொன்று. அதை விடப் பெரிய ஆபத்தும் இருக்கிறது. அமெரிக்கா 2025 ஜூனிலிருந்து மாணவர் விசாவுக்கும், டிசம்பரிலிருந்து ஹெச்-1பி வேலை விசாவுக்கும் விண்ணப்பிப்பவர்களின் சமூக ஊடகக் கணக்குகளைப் பரிசோதிக்கிறது. கணக்குகளை எல்லாரும் பார்க்கும்படி திறந்து வைக்கவும் சொல்கிறது. உங்கள் ஆச்சி மகன் எந்த விசாவில் இருக்கிறான் என்று நீங்கள் எழுதவில்லை. எதில் இருந்தாலும், அமெரிக்க அரசியல் சண்டை ஒன்றில் அவன் பெயரும் வார்த்தைகளும் பொதுவெளியில் சுற்றுவது அவனுக்கு நல்லதல்ல. அவன் பெயரைத் தொடாமல் உங்கள் மனமாற்றத்தை மட்டும் எழுத ஆசைப்பட்டால், அதையும் அவனோடு பேசி முடித்த பிறகு எழுதுங்கள். ஊருக்கு விளக்கம் சொல்ல இப்போது ஒரு அவசரமும் இல்லை.

ஆச்சியும் ஆச்சி மகனும்

முதலில் அவனிடம், அப்புறம் ஆச்சியிடம். பலரும் தலைகீழாகச் செய்வார்கள். அம்மாவிடம் சொல்லி மகனைச் சமாதானப்படுத்தச் சொல்வார்கள். அது அவனுக்கு அழுத்தமாகத்தான் தெரியும், கல்யாணத்துக்காக இறங்கி வருகிறீர்கள் என்றும் தோன்றும். கல்யாணப் பேச்சையே எடுக்காமல் அவனைத் தனியாகக் கூப்பிடுங்கள். குரூப்பில் அவனைக் கடிந்துகொண்டதால், அதே குரூப்பிலும் இரண்டு வரி எழுதிவிடுங்கள். 'நான் கேட்காமலே எழுதிவிட்டேன். பிறகு முழுசாகக் கேட்டேன். அவன் சொன்னது சரி' என்றால் போதும். அவன் குரூப்பில் இல்லாவிட்டாலும் அது அவனிடம் போய்ச் சேரும்.

போனில் பேசும்போது 'ஆனால்' என்ற வார்த்தையைத் தவிருங்கள். 'ஆனால் அவர் கார்ட்டூன் எவ்வளவு நன்றாக இருக்கும் தெரியுமா' என்று ஆரம்பித்தால் மறுபடியும் வக்காலத்துதான். அட்லாண்டாவில் அவனுடைய அக்கம்பக்கம் யார், கூட வேலை பார்ப்பவர்கள் யார், அந்த வீடியோவை அவன் முதன்முதலில் எப்போது பார்த்தான், அப்போது என்ன தோன்றியது என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். உங்களுக்கு அந்தச் சித்திரங்கள் என்னவாக இருந்தன என்பதை அவன் கேட்டால் சொல்லலாம். ஒருநாள் கேட்பான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் உங்களை மதிப்பதால்தான் 'முழுசாகக் கேட்டீர்களா' என்று கேட்டான். மதிக்காதவன் படித்துவிட்டுச் சும்மா இருந்திருப்பான். டில்பர்ட் பிடித்தவர் எல்லாரும் இனவெறியர் என்று அவனும் நினைத்தால் அது தப்புதான். அதைத் திருத்துவதற்கு இது நேரமில்லை.

முதல் அழைப்பை அவன் எடுக்காமல் போகலாம். 'அம்மான்தான் கூப்பிட்டேன், உன்னிடம் மன்னிப்புக் கேட்கணும், உனக்கு நேரம் இருக்கும்போது பேசு' என்று ஒரு குரல் செய்தியை மட்டும் விட்டுவிட்டுக் காத்திருங்கள். அதற்குள் தூக்கமின்மை தொடர்ந்தால் காரைக்குடியிலேயே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ஐக் கூப்பிட்டுத் தமிழிலேயே பேசலாம். அவன் உங்களோடு பேசிய மறுநாள் ஆச்சியிடம் போங்கள். போனில் வேண்டாம், வீட்டுக்கே போங்கள்.